செல்மர் வராத மூன்று செவ்வாய்கள்

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் தொடங்கியது. கனவு கண்டேன், காதில் ஒரு வரி வந்து விழுந்தது என்றெல்லாம் சொல்ல எனக்கும் ஆசைதான். நடந்தது இவ்வளவுதான்: ஒவ்வொரு ஜூன் மாதமும் எங்கள் சேவைக் கிளப்பின் மாவட்ட அலுவலகம், பதவியை விட்டு இறங்கும் தலைவர்களுக்கு நான்கு பக்கப் படிவம் ஒன்றை அனுப்பும். இந்த வருடம் இறங்குகிறவன் நான். முதல் ஆறு கேள்விகளை என் மருந்துக்கடையின் கவுண்டரில் நின்றபடியே நிரப்பிவிட்டேன். சேகரித்து அனுப்பிய பழைய மூக்குக் கண்ணாடிகள், அறுநூற்றுப் பதினான்கு. சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை போட்டுக் கொடுத்த வீடுகள், இரண்டு. அக்டோபர் பான்கேக் காலை விருந்துக்கு வந்தவர்கள் முந்நூற்று எழுபது சொச்சம். நானூறு என்று போட்டேன்.

ஏழாவது கேள்வி: "இந்த ஆண்டை மறுபடியும் நடத்தக் கிடைத்தால் எதை மாற்றிச் செய்வீர்கள்?" பதிலுக்கு நான்கு கோடுகள் விட்டிருந்தார்கள். நான் நான்கு கோடுகளையும் தாண்டி, ஓரத்தில் ஏறி, படிவத்தின் முதுகுப் பக்கத்தையும் தீர்த்துவிட்டு, மருந்து போட்டுக் கொடுக்கும் வெள்ளைக் காகிதப் பைகளை எடுத்துக்கொண்டேன். நீங்கள் படிப்பது அந்தப் பைகளில் எழுதியதுதான். இடையிடையே "உணவுக்குப் பின்" என்று அச்சாகியிருந்தால் பொருட்படுத்த வேண்டாம்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"இருபத்திரண்டு வருடங்கள் செயலாளராக இருந்த ஆர்டிஸ், பிப்ரவரி மாதத்தில் முதல்முறையாக ஒரு தவறு செய்தார்."

நல்ல வாக்கியம். மூன்று நாள் அதை அடிக்காமல் வைத்திருந்தேன். ஊரும் இதே வாக்கியத்தைத்தான் சொல்கிறது. ஊரோடு ஒத்துப்போகிற வாக்கியத்தில் எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம், யாரும் ஆதாரம் கேட்கமாட்டார்கள்.

ஆர்டிஸ் எழுபத்தோரு வயதுப் பெண்மணி. பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் கிளப் செவ்வாய்தோறும் பகல் பன்னிரண்டு மணிக்கு லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடும். வாசலில் ஒரு பலகை. உறுப்பினர் ஒவ்வொருவர் பெயரும் பொறித்த சிறு தகடு அதில் தொங்கும். வருகிறவர் தன் தகட்டை எடுத்துச் சட்டையில் குத்திக்கொள்வார். தலைவர் மேசை மணியை அடித்ததும் பலகையில் மீதி தொங்கும் தகடுகளைப் பார்த்து ஆர்டிஸ் வருகைப் பதிவேட்டை எழுதுவார். ஒரு வாரம் வர முடியாதவர் இரண்டு வாரத்துக்குள் வேறு ஊர்க் கிளப்பின் கூட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டு, அவர்களிடம் சீட்டு வாங்கி வந்து கொடுத்தால் அவரும் வந்தவராகவே கணக்கு. சீட்டு இல்லாமல் ஆர்டிஸ் எழுதமாட்டார். முன்னாள் தலைவர் ஒருவர் புயலில் சீட்டு பறந்துபோயிற்று என்று சொன்னபோது, "அப்ப அதே புயல்ல போய்த் திருப்பி வாங்கிட்டு வாங்க" என்றாராம்.

இன்னொரு வழக்கம். தொடர்ந்து இரண்டு செவ்வாய் வராதவர் வீட்டுக்குப் புதன்கிழமை மதியம் இரண்டு பேர் ஒரு பாத்திரம் சூப்போடு போய்க் கதவைத் தட்டவேண்டும். யார் வரவில்லை என்று பதிவேட்டைப் பார்த்துத்தான் போவார்கள். (இந்த வரியை நினைவில் வையுங்கள் என்று சொல்லத் தேவையில்லை. கதையே இந்த வரிதான்.)

3

நான் தலைவரானது பற்றி ஒரு பத்தி எழுதியே ஆகவேண்டும். துணைத் தலைவர் அரிசோனாவுக்குக் குடிபோய்விட்டார். வேறு யாரும் கை தூக்கவில்லை. இரும்புச் சாமான் கடை வைத்திருந்த டுவேன் எழுந்து சொன்னார்:

"எல்லாரும் ரெண்டு ரெண்டு தடவ தலைவரா இருந்தாச்சு. பாக்கி இருக்கிறது டானியும் அந்தக் காபி பாத்திரமும்தான். காபி பாத்திரத்துக்குப் பேசவராது."

டானி என்பது நான். தணிகாசலம் என்ற பெயரை இந்த ஊர் இருபத்தாறு வருடங்களுக்கு முன்பே அப்படிச் சுருக்கிவிட்டது. சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டேன். ஆனால் வீட்டுக்குப் போய், அறுபத்தெட்டு வருடங்களாக நடக்கும் கிளப்பின் தலைவர் பட்டியலில் என் பெயரை எழுதிப் பார்த்தேன். எனக்கு உள்ளூர ஒரு பெருமை வந்தது. அந்தப் பெருமையை இந்தக் கதையில் எங்கேயாவது ஒளித்து வைக்கலாம் என்று பார்க்கிறேன், இடம் கிடைக்கவில்லை.

4

செல்மரை உங்களுக்குக் காட்டவேண்டும். எண்பத்து நான்கு வயது, மனைவி இறந்து ஒன்பது வருடம், ஊரிலிருந்து நான்கு மைல் தள்ளிப் பண்ணைவீட்டில் தனியாக இருந்தார். நாற்பத்தோரு வருடங்களில் ஒரு செவ்வாய்கூடத் தவறவிடாதவர். மனைவியை அடக்கம் செய்த வாரத்தில்கூட வேறு ஊரில் போய் உட்கார்ந்து சீட்டு வாங்கி வந்தவர். இந்த மார்ச்சில் நாற்பத்திரண்டு வருடம் தவறாமல் வந்ததற்கான சட்டை ஊசியை, சின்னப் பதக்கம்போல ஒன்று, அவருக்குக் குத்தவேண்டும். மாவட்டத்திலேயே யாருக்கும் கிடைக்காத ஊசி. மாவட்டத்துக் கிளப்புகளுக்கெல்லாம் தலைவரான மாவட்ட ஆளுநரே வருவதாக இருந்தார்.

பிப்ரவரி முதல் செவ்வாய் காலை அவர் என் கடைக்குத் தொலைபேசினார். இதை இப்படி எழுதினேன்:

"'டானி, இருமல் விடமாட்டேங்குது. ஆனா நாப்பத்திரெண்டு வருஷம்பா. எப்படியாவது பாத்துக்கோ, உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன்' என்று செல்மர் கெஞ்சினார். எனக்கு மனது கேட்க—"

வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. கையெடுத்துக் கும்பிடுகிறவரா அவர்? டிராக்டரில் விரல் நசுங்கியபோது கடைக்கு வந்து, "இதுக்கு ஏதாவது இருக்கா, இல்ல சும்மா பாத்துட்டுப் போகவா" என்று கேட்ட மனிதர். செத்தவர் வாயில் நம் சௌகரியத்துக்கு ஒரு பேச்சைப் போடுவது எழுதுகிறவர்களுக்கு எளிது. அவர் மறுத்துப் பேச வரப்போவதில்லை.

4 (மறுபடியும்)

செல்மர் சொன்னது:

"ஏய் மாத்திரைக்காரரே, இன்னிக்கு நான் வரல. நெஞ்சுல சளி கட்டியிருக்கு. ஆர்டிஸ்கிட்ட சொல்லிடு."

"செல்மர், நாப்பத்திரெண்டு வருஷம். அடுத்த மாசம் ஊசி."

"நாப்பத்தொண்ணு போதும். ஊசிய வச்சு மாட்டுக்கா குத்தப்போறேன்."

"ஆளுநர் வர்றாரு."

"வரட்டும். அவருக்கு ஒரு பான்கேக் குடு."

"பக்கத்து ஊர்ல புதன்கிழமை கூட்டம் இருக்கே, போயிட்டு வந்துடலாமே."

"டானி, எனக்கு உக்காந்திருக்கவே முடியல. விட்டுடு."

விட்டுடு என்றார். அது கடைசியாக நான் கேட்ட அவர் குரல். நான் விடவில்லை.

கூட்டத்துக்குப் போனேன். பலகையில் அவர் தகடு தொங்கியது. ஆர்டிஸ் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"செல்மர் எங்க?"

"பக்கத்து ஊர்ல பல் டாக்டர்கிட்டப் போயிட்டு இருக்காரு. புதன்கிழமை அங்கேயே கூட்டத்துல உக்காந்துக்கிறேன்னு சொன்னாரு. ரெண்டு மூணு வாரம் ஆகுமாம். வர்றவரைக்கும் வருகை போட்டுடுங்க."

"சீட்டு?"

"நான் வாங்கித் தர்றேன். எம்மேல நம்பிக்கை இல்லையா?"

கடைசிக் கேள்வியைச் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். அவரும் சிரித்தார். பேனாவைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு எழுதினார். சீட்டு இல்லாமல் ஆர்டிஸ் எழுதியது அதுதான் முதல் தடவை, தலைவர் சொன்னதால் எழுதியது.*

* அன்று மாலையே நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அவரைப் பார்த்திருக்கலாம். நான்கு மைல்தான். சளிக் காய்ச்சல் சீசன், கடையில் கூட்டம். இதை அடிக்குறிப்பாகத்தான் போட முடிந்தது. கதைக்குள் போட்டால் அது ஒரு சாக்குப்போல் ஒலிக்கிறது.

5

இரண்டாவது செவ்வாயும் அவர் தகடு தொங்கியது. ஆர்டிஸ் வருகை போட்டார். அதனால் புதன்கிழமை சூப் பாத்திரம் எங்கேயும் போகவில்லை. அந்த வாரத்து முறை டுவேனுடையது. "எல்லாரும் ஆரோக்கியமா இருந்து தொலைச்சா நான் செஞ்ச சூப்ப யார் குடிக்கிறது" என்று சொல்லி, கூட்டம் முடிந்ததும் தானே எடுத்துக்கொண்டு போனார்.

செல்மர் அந்தப் புதன்கிழமை காலையில்தான் நிலவறைப் படிக்கட்டில் விழுந்திருக்கிறார். செவ்வாய்க்கிழமைச் செய்தித்தாள் சமையலறை மேசையில் பிரித்துக் கிடந்தது. புதன்கிழமைத் தாள் வாசல் பெட்டியில் இருந்தது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கீழே வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் ஓடிக்கொண்டிருந்ததால் குளிரில் சாகவில்லை. வெள்ளிக்கிழமை வரை உயிரோடு இருந்திருப்பார் என்று மருத்துவர் சொன்னார். அந்த மூன்று நாட்களைப் பற்றி ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன். எழுத எனக்கு உரிமை இல்லை.

வியாழக்கிழமைதோறும் அவர் மகள் ஜானெல் வேறு மாநிலத்திலிருந்து அப்பாவைக் கூப்பிடுவாள். அன்று பதில் இல்லை. உடனே ஆர்டிஸைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"அப்பா போனை எடுக்கல. நீங்க பாத்தீங்களா?"

ஆர்டிஸ் பதிவேட்டைத் திறந்து பார்த்தே சொல்லியிருக்கிறார்.

"ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்காரு. நேத்துக்கூடப் பக்கத்து ஊர்க் கூட்டத்துல இருந்திருக்காரு. வெளிய எங்கயாவது சீட்டாடப் போயிருப்பாரு, அப்புறம் கூப்பிடு."

மகள் நிம்மதியாகிவிட்டாள். அன்று வியாழன். அவருக்கு இன்னும் ஒரு நாள் உயிர் இருந்தது.

மூன்றாவது செவ்வாயும் வருகை விழுந்தது. மறுநாள் எரிவாயு நிரப்ப வந்த ஆள் கண்டுபிடித்தார்.

6

இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் வருகிறது. தலைவன் பாத்திரம். இவன் நல்லவன்போல இருக்கிறான், ஒரு கிழவருடைய சாதனையைக் காப்பாற்றத்தானே செய்தான் என்று நீங்கள் நினைக்க இன்னும் இடம் இருக்கிறது. அந்த இடத்தை மூடிவிடுகிறேன். செல்மருக்கு ஊசி வேண்டாம். எனக்கு வேண்டியிருந்தது. ஆளுநர் கைகொடுக்க, நான் குத்த, மாவட்ட இதழில் ஒரு புகைப்படம். என் வருடத்தில் நடந்தது என்று சொல்லிக்கொள்ள ஏதாவது ஒன்று.

புகைப்படம் கிடைத்தது. அடக்கத்துக்கு முன் திறந்த பெட்டியில் படுத்திருந்த செல்மரின் கோட்டில் அந்த ஊசியை நான்தான் குத்தினேன். கிளப்பின் விருப்பம் என்றார்கள். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. குளிர்ந்த துணியில் ஊசி சரியாக ஏறவில்லை, இரண்டு முறை குத்த வேண்டியிருந்தது. ஆர்டிஸ் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் கடைக்கு வந்தார். கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டார்.

"டானி, பக்கத்து ஊருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். செல்மர் ஒரு தடவகூட அங்க வரலயாம். அவரு உங்கிட்ட அப்படியா சொன்னாரு?"

இந்த இடத்தில் கதை இரண்டாகப் பிரிந்திருக்கலாம். பிரியவில்லை.

"ஆமா ஆர்டிஸ். அப்படித்தான் சொன்னாரு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. இருமல் மிட்டாய் அடுக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செல்மர் பொய் சொல்லமாட்டாரே" என்றார். "வயசாயிடுச்சு, பாவம். நான் சீட்டு கேட்டிருக்கணும். கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

7

ஜானெல் கிளப்புக்கு ஒரு கடிதம் எழுதினாள். திட்டவில்லை. வியாழக்கிழமை தனக்குச் சொல்லப்பட்டதை அப்படியே எழுதி, "ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று மட்டும் தெரிய வேண்டும்" என்று முடித்திருந்தாள். நிர்வாகக் குழுவில் டுவேன் அதை வாசித்தார். தலைவர் சொல்லித்தான் எழுதினேன் என்று ஆர்டிஸ் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வார் என்று மேசைக்கடியில் கைகளைக் கோத்துக்கொண்டு காத்திருந்தேன். "செல்மர் பக்கத்து ஊருக்குப் போறதா நம்பிச் சீட்டில்லாம எழுதிட்டேன். என் தப்பு" என்றார். அவ்வளவுதான். கூட்டக் குறிப்பில் அதையும் அவரே எழுதினார்.

எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லமாட்டார்கள். ஈஸ்டர் விருந்தில் இரண்டு காபி பாத்திரங்கள் வைத்திருந்தோம். ஒன்றில் ஆர்டிஸ் ஊற்றினார். வரிசை மற்றதில்தான் நின்றது. அவர் அரைமணி நேரம் கையில் கோப்பையோடு நின்றுவிட்டு, பிறகு அந்தக் கோப்பையில் தானே ஊற்றிக் குடித்தார். "செத்தவனுக்கு வருகை போட்டவ" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. அது டுவேனுடைய குரல்:

"கிழவன் மூணு வாரம் ஏமாத்தினான்னா, நாப்பத்தோரு வருஷத்துல எத்தன வாரமோ, யார் கண்டா."

எல்லோரும் மெல்லச் சிரித்தார்கள். செல்மரையும் நான் திருடனாக்கிவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. போய் என் காபியை ஆர்டிஸிடம் வாங்கிக் குடித்தேன். அதை ஒரு பெரிய காரியமாக அப்போது நினைத்தேன், வெட்கமாக இருக்கிறது.

ஜூலையிலிருந்து ஆர்டிஸ் செயலாளர் இல்லை. விலகல் கடிதம் இரண்டு வரி. கடிதத்தோடு பதிவேட்டையும் குரங்குக்குட்டி தாயைப் பிடித்ததுபோல இறுக்கி— (இந்த உவமையை எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அர்த்தமும் இல்லை. அடித்துவிடுகிறேன்.) பதிவேட்டையும் கொண்டுவந்து வைத்தார்.

8

முடிவுகள் மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

அ. வரும் செவ்வாய் புதிய தலைவர் பதவியேற்பு விருந்து. நான் தலைவரின் மணியை ஒப்படைக்குமுன் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்கிறேன். டுவேன் எழுந்து ஆர்டிஸிடம் போய்க் கைகொடுக்கிறார். இதை எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது, கடைசி வரியில் என்னை எல்லோரும் மெச்சிக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் எனக்கொரு புகைப்படம் தேடியிருக்கிறேன்.

ஆ. ஜானெலுக்குக் கடிதம். "அன்புள்ள ஜானெல், உங்கள் தந்தை யாரையும் ஏமாற்றவில்லை. அவர் விட்டுவிடச் சொன்னார். ஆர்டிஸும்—" இவ்வளவுதான் இருக்கிறது. தபால்தலை ஒட்டிய உறை பணப்பெட்டிக்குள் காலியாகக் கிடக்கிறது.

இ. ஒன்றும் நடக்கவில்லை. ஆர்டிஸ் தன் மகன் ஊருக்குக் குடிபோகிறார். நான் ஒவ்வொரு செவ்வாயும் கூட்டத்துக்குப் போகிறேன், தகட்டைக் குத்திக்கொள்கிறேன், வருகை விழுகிறது. இந்த முடிவுக்கு நான் எதுவுமே செய்யவேண்டியதில்லை. அதனால்தான் மூன்றில் இது நன்றாக வந்திருக்கிறது.

9

நான்காவதாக ஒன்று, நான் கற்பனை செய்யாதது.

இன்று மதியம் ஆர்டிஸ் ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்தார். கவுண்டரில் இந்தப் பைகள் பரப்பிக் கிடந்தன.

"என்ன எழுதுற, வீட்டுக் கடிதமா?"

"கதை."

"உனக்குக் கதை வேற எழுத வருமா? ரிப்போர்ட் என்னாச்சு? திங்கக்கிழமைக்குள்ள வேணும். அதை அனுப்பிட்டா என் வேலை முடிஞ்சுது."

"ரிப்போர்ட்தான் கதையாப் போச்சு."

அவர் ஒரு பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நூலகத்தில் இருந்தவர், எழுத்து எதுவானாலும் கையில் எடுக்காமல் இருக்கமாட்டார்.

"இதுல நான் வர்றேனா?"

"வர்றீங்க."

"கெட்டவளாவா?"

"இல்ல."

"அப்ப யாரும் நம்பமாட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தார். பிப்ரவரிக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. "கொஞ்சம் வாசி, கேக்குறேன். புரியாட்டாப் பரவால்ல."

வாசித்தேன். செல்மர் தொலைபேசிய பகுதியை, திருத்தி எழுதியதை. நாற்பத்தொன்று போதும் என்பதை, விட்டுடு என்பதை, நான் ஆர்டிஸிடம் சொன்ன பல் டாக்டரை, சீட்டை. முழுவதும் தமிழில், அவர் முகத்தைப் பார்த்தபடி, ஒரு வரி விடாமல். இந்த ஊரில் எனக்கு மட்டும் தெரிந்த மொழியில் உண்மையைச் சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது என்று எழுத எனக்குக் கூசுகிறது.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தன் பெயர் வந்த இடங்களில் புருவத்தை லேசாகத் தூக்கினார். செல்மர் பெயர் வந்தபோது மாத்திரைப் பையைக் கீழே வைத்தார்.

"செல்மர்னு மூணு நாலு தடவ வந்துச்சு" என்றார். "என் பேரும் வந்துச்சு. நீ அழுவுற. என்ன சொல்லுது டானி அது?"

10

இந்தப் பகுதி எழுதப்படாது.

சொல்லிவிட்டேன் என்று எழுதினால் நீங்கள் என்னை மன்னித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவீர்கள். நானும் எழுதியாகிவிட்டதே என்று சொல்லாமலே இருந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். சொல்லவில்லை என்று எழுதினால், அவ்வளவு நேர்மையாக எழுதிவிட்டேன் என்று அதற்கும் ஒரு பெருமை வந்துவிடும்.

செல்மர் என்ன சொன்னார் என்று தெரிந்தவர்கள் இப்போது இரண்டு பேர், நானும் நீங்களும். நீங்கள் நினைத்தால் ஆர்டிஸுக்கு ஒரு வரி எழுதிப் போடலாம். அது எனக்கும் தோன்றியது. அதனால்தான் கதை முழுவதும் பார்த்தால் ஊரின் பெயர் எங்கேயும் இருக்காது. முதல் பையிலிருந்தே கவனமாக இருந்திருக்கிறேன்.

கடையில் வேறு யாரும் இல்லை. ஆர்டிஸ் கவுண்டருக்கு அந்தப் பக்கம், பதிலுக்காக நின்றுகொண்டிருக்கிறார்.